ஒரு கார் அகலம்

— ரிப்போர்ட் போடவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.

— தங்கச்சி, கட்டுன புருஷன் மேலயே ரிப்போர்ட்டா? ரேஸ் முடிஞ்சு இன்னும் சூடுகூட ஆறலை. விடும்மா.

— ஜாபிர் அண்ணே, நீங்க நடுவுல வராதீங்க. இந்த லீக்ல புருஷன் பொண்டாட்டின்னு யாரும் பாக்கறதில்ல. மூணாவது வளைவுல நான் உள்பக்கம் வந்துட்டேன். என் கார் மூக்கு இவங்க கதவுக்கு நேரா நிக்குது. அதுக்கப்புறம் எனக்கு இடம் விட்டாகணும். விடலை. இடிச்சு என்னைப் பம்பரமாச் சுத்த விட்டுட்டாங்க.

— போடு லின்சி. தப்பு என் மேலதான்.

— கேட்டீங்களாண்ணே? ரெஜினே ஒத்துக்கிட்டாங்க.

— இடிச்சுட்டு ஓடிப் போயிரலையேம்மா. புல்லுல ஓரங்கட்டி நின்னான்ல? நீ திரும்பி ரோட்டுக்கு வந்து முன்னாடி போற வரைக்கும் நின்னு, உன் இடத்தை உனக்கே குடுத்துட்டுல்ல பின்னாடி வந்தான். அதுக்குள்ள கொழும்புக்காரன், குஜராத்துக்காரன் எல்லாம் தாண்டிப் போயிட்டானுவ. ஜெயிக்க வேண்டிய ரேஸு. கம்ப்யூட்டர்ல ஓட்டற காருக்கு வேற எவன் இப்படி நின்னு வருவான்?

— அதைக் குறை சொல்லலைண்ணே. எனக்கு இந்த வீலைப் பிடிக்கவே இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. கொரோனா சமயத்துல விமானம் இல்லாம வீட்டோட இருந்தாங்கள்ல, அப்ப. உரசுற மாதிரி வருவாங்க, ஆனா ஒரு கார் அகலம் விட்டு நிப்பாங்க. என் கார் மேல இவங்க கார் ஒரு தடவைகூடப் பட்டதில்ல. இன்னைக்கு ஏன் பட்டுச்சு? அதான் கேக்கறேன்.

— நெட் இழுத்துருச்சு, டீச்சரம்மா.

— இழுத்துச்சா?

— ஆமா. திரை அப்படியே ஒறைஞ்சு நின்னுட்டுது. பிரேக் போடறதுக்குள்ள நீ முன்னாடி இருக்கே.

— சரி. மத்தியானம் சாப்பிட்டாச்சா?

— ம். ஆச்சு.

— ஜாபிர் அண்ணே, ரூம்ல இன்னைக்கு என்ன சமையல்?

— வெள்ளிக்கிழமை வேற என்னம்மா, மட்டன் பிரியாணிதான். தோஹா பூராவும் அதான். நான்தான் தம் போட்டேன். உன் வீட்டுக்காரன் ரெண்டு தட்டு. தின்னுட்டு வீல் மேலயே தூங்கி விழாம இருந்தானே, அதுவே பெருசு.

— ரெண்டு தட்டா?

— மச்சான், நீ கொஞ்சம் வாயை மூடு.

— ஏன்டா? என்ன சொல்லிட்டேன் இப்ப?

— தவக்காலம்ண்ணே. நெத்தியில சாம்பல் பூசிட்டா, ஈஸ்டர் வரைக்கும் இவங்க வெள்ளிக்கிழமையில கவுச்சி தொட மாட்டாங்க. அங்க வந்த முதல் வருஷம், மெஸ்ல கோழியத் தவிர ஒண்ணுமில்லன்னு வெறும் குப்பூஸ் ரொட்டியைத் தயிர்ல தொட்டுத் தின்னுட்டுப் படுத்துட்டான்னு என்கிட்ட சொன்னதே நீங்கதான்.

— அது... நான் போன வாரத்தச் சொல்றேன் தங்கச்சி. இல்ல, போன வாரமும் வெள்ளிதான்ல... யா அல்லா. மச்சான், அஸருக்கு நேரமாயிருச்சு. நான் தொழப் போறேன். நீயே பேசிக்க.

— ஜாபிர், இருடா!

— இதுக்கு மேல என்னால முடியாது மச்சான். நோன்பு வருது. இந்தப் பொய்யையும் தூக்கிக்கிட்டு நான் நோன்பு வைக்க மாட்டேன். தங்கச்சி, இந்த அண்ணனை மன்னிச்சிரு. வர்றேன்.

— ஜாபிர்! மச்சான்!

— போயிட்டாங்க. அவங்க பேர் பக்கத்துல பச்சை விளக்கு அணைஞ்சுட்டுது. இப்ப நாம ரெண்டு பேருதான். சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல? அவன் ஒளறுவாயன்னு உனக்குத் தெரியாதா? விடு. ஷெரின் எங்க?

— பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போயிருக்கு. சாயங்காலம் சிலுவைப்பாதை இருக்குல்ல. வீடியோ போடுங்க.

— போன்ல கேமரா ஒடஞ்சு கெடக்குன்னு சொன்னேன்ல, டீச்சரம்மா.

— அது ஒடஞ்சு, கிறிஸ்துமஸ் போச்சு, பொங்கல் போச்சு, அறுப்பும் முடிஞ்சுட்டுது. அந்த ஊர்ல கேமரா மாத்தற கடையே இல்லையா?

— வேலை. நேரம் அமையலை.

— அப்பா மீசை வெச்சிருக்காங்களா எடுத்துட்டாங்களான்னு ஷெரின் கேக்குது. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

— வெச்சிருக்கேன்னு சொல்லு.

— நெட் இழுத்துச்சுன்னீங்கல்ல, சிக்னல் போயிட்டு வர்ற நேரத்தக் காட்டுமே, அந்தப் பிங் நம்பரப் பாத்துக்கிட்டேதான் நான் ஓட்டினேன். சர்வர் மும்பையில இருக்கு. தோஹாவுலேருந்து நீங்க ஓட்டறப்ப, ஒவ்வொண்ணும் கடல் தாண்டி வந்துட்டுப் போகணும். உங்க கார் என் கண்ணுக்கு ஒரு நாளும் நேரா ஓடினதில்ல. தவளை மாதிரி தத்தித் தத்தி வரும். எங்க நிஜமா இருக்கீங்க, எங்க இல்லன்னு தெரியாம நான் கூடவே கொஞ்சம் தள்ளி ஓட்டுவேன். இப்ப ரொம்ப நாளா அப்படி இல்ல. வழுக்கிக்கிட்டு வருது. உங்க பேருக்கு நேரா இருக்கற நம்பரும் என் நம்பரும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு.

— ரூம்ல புது நெட் போட்டிருக்காங்க. ஃபைபர்.

— ஃபைபர் போட்டா கடல் சுருங்கிருமா?

— டீச்சர்கிட்ட வாய் குடுக்க முடியுமா?

— பேச்ச மாத்தாதீங்க. போன வாரம் ரேஸ் நடுவுல உங்க மைக்ல ஒரு வண்டிச் சத்தம் வந்துச்சு. ஸ்பீக்கர் கட்டின வண்டி. பழைய இரும்பு, ஈயம், பித்தளை, ஓடாத மிக்ஸி, ஒடஞ்ச நாற்காலின்னு. நல்ல தமிழ்ல. தோஹாவுல எந்தத் தெருவுலங்க அந்த வண்டி வருது?

— அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல நீ.

— நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். எங்க இருக்கீங்க?

— வேணாம் லின்சி.

— எங்கங்க இருக்கீங்க?

— தஞ்சாவூர்ல.

— எப்பலேருந்து?

— ஆடியிலேருந்து.

— ஆத்துல தண்ணி வந்துருக்குப்பான்னு ஷெரின் போன்ல சொன்னுச்சே. அப்பவேயா?

— அப்பவே. அவ பேசறப்ப நான் புதாத்துப் பாலத்துல நின்னுக்கிட்டிருந்தேன். எனக்குக் கீழயும் தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. அங்க பாலைவனம்மா, தண்ணிக்கு எங்க போறதுன்னு சொன்னேன்.

— கிறிஸ்துமஸுக்கு லீவு தரலைன்னீங்க.

— ஆமா.

— இங்கேருந்து பஸ் ஏறினா சாப்பாட்டு நேரத்துக்குள்ள தஞ்சாவூர் வந்துரலாம்ங்க.

— தெரியும் லின்சி. நீ நினைக்கற மாதிரி ஒண்ணுமில்ல. வேற பொண்ணு, வேற குடும்பம், அந்த மாதிரி எதுவும் கிடையாது. மாதா மேல சத்தியம்.

— நான் அப்படி நினைக்கலை.

— நினைச்சிருந்தாகூட நல்லாருந்திருக்கும்.

— ஏன்?

— கோவத்துல என்னைத் தலைமுழுகிட்டு நிம்மதியா இருந்திருப்பே.

— கூறுகெட்டாப்ல பேசாதீங்க. உடம்புக்கு என்ன?

— உடம்புன்னு நான் சொல்லவே இல்லையே.

— ரேஸ் ரீப்ளேய நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். மூணாவது வளைவுல உங்க ஸ்டியரிங் பாதி திரும்புது, அப்படியே நிக்குது. கை விட்டுட்ட மாதிரி. நெட் இழுத்தா அப்படி ஆகாது. உங்க கைக்கு என்னங்க?

— இடது கை. வீல் ஒரு உதை உதைச்சுச்சு பாரு, அந்தக் கல் வெச்ச ஓரத்துல சக்கரம் ஏறுறப்ப. வலி பொறுக்காம விட்டுட்டேன். நீ பக்கத்துல வர்றது தெரியுது. தெரிஞ்சும் திருப்ப முடியலை. உன் கார் சுத்துனதப் பாத்து எனக்கு நெஞ்சே நின்னுட்டுது. விளையாட்டுதான். ஆனாலும்.

— கையில என்ன?

— நரம்பைச் சேத்துத் தச்சிருக்காங்க. அதுல வெயிட் தூக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கக் கூடாது, பிரஷர் பட்டைகூடக் கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வீல் பிடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லலை. நான் கேக்கவும் இல்ல.

— முழுசாச் சொல்லுங்க.

— என்னத்த முழுசா?

— முதல்லேருந்து. நான் எங்கயும் போகலை. சொல்லுங்க.

— போன வருஷ வெயில்லதான் ஆரம்பிச்சுது. பம்பு போடற எடத்துல நிழலே கிடையாது. வேர்த்துக் கொட்டும், ஒண்ணுக்குப் போகாது. சாயங்காலம் ஆனா தலை வெடிக்கும். மாத்திரை போட்டுக்குவேன். எல்லாரும் போடறதுதான். தினமும் போட்டேன். அப்புறம் காலு வீங்குச்சு. ஷூ போட முடியலை. சோத்தப் பாத்தாலே கொமட்டுச்சு. ஜாபிர்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனான். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, அந்த மலையாளத்து டாக்டர் என்னை உக்கார வெச்சாரு. கிட்னி ரெண்டும் சுருங்கிப் போச்சு தம்பி, ஊருக்குப் போயிரு, அங்க சொந்தக்காரங்க இருப்பாங்கன்னாரு. ஏறின விமானத்துல திருச்சி வந்து இறங்கினேன். வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ் பாத்தேன். ஒண்ணு நம்ம பக்கம் போறது, மாயவரம் வழியா. இன்னொண்ணு தஞ்சாவூர். தஞ்சாவூர் பஸ்ஸுல ஏறிட்டேன்.

— ம்.

— வாரத்துல மூணு நாள் மிஷின்ல படுக்கணும். இந்தக் கையில ஊசியப் போட்டு, ரத்தம் பூரா வெளிய போயி, சுத்தமாகித் திரும்பி வரும். முடிஞ்சு எழுந்தா உடம்பு துணி பிழிஞ்சாப்ல இருக்கும். மத்த நாள்ல பரவாயில்ல. பரிதின்னு நம்ம லீக்ல ஓட்டிக்கிட்டிருந்தான்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு கேம் சென்டர் வெச்சிருக்கான். அங்கதான் இருக்கேன். மாடியில ரூம். வர்றவனுக்கு டைம் போட்டு விடுவேன், ஒடஞ்ச பெடலைச் சரி பண்ணுவேன். வெள்ளிக்கிழமை இந்த நேரம் மட்டும் வீலு எனக்கு. அப்பதான் அந்த இரும்பு வண்டி வந்துச்சு.

— சாப்பாடு?

— பரிதி வீட்டுலேருந்து வரும். உப்பில்லாம. தண்ணிதான் கஷ்டம். ஒரு டம்ளரை வெச்சுக்கிட்டு நாள் பூரா ஓட்டணும். ஐஸ் கட்டிய வாயில அடக்கிக்குவேன். ஜன்னலத் தொறந்தா தண்ணி மோட்டார் ஓடற சத்தம் கேக்கும், அதையும் சாத்திருவேன்.

— அந்தக் கை எப்படி இருக்கும்? தச்ச எடம்.

— எதுக்குக் கேக்கறே?

— சும்மா. தெரிஞ்சுக்கறேன்.

— மேல விரலை வெச்சா அதிரும். ஓயாம. காரை நிறுத்திட்டு எஞ்சினை மட்டும் ஓட விட்டா கியர் தண்டு அதிரும் பாரு, அப்படி. காதுகிட்ட வெச்சா சத்தமே கேக்கும். தூங்கறப்ப கையத் தலைக்கு வெச்சுப் படுத்தா இரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

— ம்.

— நீ ஏன் அழ மாட்டேங்கறே?

— அழுதா நீங்க பேச்ச நிறுத்திருவீங்க.

— நான் நினைச்சேன், இதக் கேட்டா நீ போனத் தூக்கிப் போட்டுட்டுக் கத்துவேன்னு. ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைச்சு, அது நினைப்பு வந்து, சொல்லாமலே விட்டுருவேன்.

— டாக்டர் என்ன சொல்றாங்க?

— மிஷின்ல எவ்வளவு நாள் வேணும்னாலும் ஓட்டலாம்பாரு. அப்புறம் மாத்திட்டா நல்லதும்பாரு. வேற கிட்னி வெச்சா.

— யாருகிட்டேருந்து?

— வீட்டு ஆளுங்க யாராவது குடுக்கணும். அண்ணன் தம்பி எனக்கு இல்ல. அப்பாவுக்குச் சர்க்கரை. அதையெல்லாம் கேட்டுட்டு, கல்யாணம் ஆயிருச்சாப்பான்னாரு.

— ஆயிருச்சுன்னு சொன்னீங்களா?

— இல்லன்னு சொன்னேன்.

— என்னது?

— கல்யாணமே ஆகலைன்னு சொல்லிட்டேன் லின்சி. மோதிரத்தக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுத்தான் உள்ளயே போனேன். ஆகலையா, சரின்னு எழுதிக்கிட்டாரு.

— அந்த மோதிரத்த உங்க விரல்ல போட்டது நான்.

— அதனாலதான். ஆயிருச்சுன்னு சொன்னா, கூட்டிட்டு வாம்பாரு. நீ வருவே. எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை கேக்க மாட்டே, சேலையச் சொருகிக்கிட்டு வந்து நிப்பே. குடுத்துட்டு அதோட விட மாட்டே, மறு மாசமே நாத்தங்கால்ல இறங்கிருவே, ஸ்கூலுக்குப் போயிருவே. அப்பாவால ஒண்ணும் முடியலை. வயலு, வீடு, ஷெரின் எல்லாம் உன் ஒருத்தி தலையில. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அந்தப் புள்ளைக்கு ஒரு ஆளாவது முழுசா வேணும்ல.

— இத என்கிட்டக் கேட்டீங்களா?

— எதுக்குக் கேக்கணும்? உன் பதில்தான் தெரியுமே.

— தெரிஞ்சா கேக்கக் கூடாதா? ஏங்க, ஊர் பேர் தெரியாத கொழும்புக்காரன் உள்பக்கம் மூக்க நீட்டினாகூட, ஒரு கார் அகலம் விட்டு ஒதுங்கறீங்க. அது அவன் உரிமைங்கறீங்க. அவன் தோத்தாலும் அவன் ஓட்டித் தோக்கணும்ங்கறீங்க. எனக்கு வீட்ல எவ்வளவு இடம் விட்டீங்க? ஒரு விரல் நொழையற அளவாச்சும் விட்டீங்களா? சுவரோட சேத்து நெருக்கிட்டுப் போயிட்டீங்க.

— லின்சி...

— என் பொறந்தநாளைக்கு ஒரு தடவை கடைசி வளைவுல பெடல்லேருந்து காலைத் தூக்கி என்னை ஜெயிக்க விட்டீங்க. ஞாபகம் இருக்கா? நான் கரண்ட்டையே ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சுப் போனேன். அன்னைக்கு ராத்திரி நீங்கதான் சொன்னீங்க, விட்டுக்குடுக்கறதும் ஏமாத்துதான், இனிமே உனக்கு அத செய்ய மாட்டேன்னு. இது என்னங்க? இதுக்குப் பேரு என்ன?

— என்னைத் திட்டு. நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. தை மாசம் நான் ஊருக்கு வந்தேன்.

— எப்ப?

— அறுப்பு சமயம். மிஷின்லேருந்து இறங்கின மறுநாளு. மனசு கேக்கலை, பஸ் ஏறிட்டேன். சொல்லிரணும்னுதான் வந்தேன். திருக்கடையூர் தாண்டி, நம்ம கொள்முதல் நிலையத்துக்கிட்ட பஸ் மெதுவாச்சு. ரோட்ல பாதிக்கு நெல்லு. நீ நிக்கறே. வானம் கருத்துக்கிட்டு வருது. நீ ஒரு மொனையில தார்ப்பாயப் பிடிச்சு இழுக்கறே, அப்பா இன்னொரு மொனையில நிக்க முடியாம நிக்கறாரு. காத்து பிடுங்குது. உன் தலையில துண்டு கட்டியிருந்தே. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட துண்டு, என்னோடது.

— இறங்கலையா?

— இறங்கலை.

— ஒரு மொனையப் பிடிச்சிருக்கலாம்ல. ரெண்டு மூட்டை நனைஞ்சு மொளைச்சுப் போச்சு. ஈரப்பதம் கூடன்னு தள்ளிட்டாங்க. மாமா அங்கேயே தரையில உக்காந்துட்டாரு. ஒரு கை, ஒரே ஒரு கை இருந்திருந்தா...

— இந்தக் கையாலயா? தார்ப்பாய் இழுக்கற கையா இது? வந்து நின்னா, இன்னொரு ஆளையும் நீதான் இழுக்கணும். கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு அதத்தான் யோசிச்சேன். தரங்கம்பாடியில இறங்கி, அடுத்த பஸ்லயே திரும்பிட்டேன். அன்னைக்குத் தண்ணி கணக்குப் பாக்காம குடிச்சுட்டேன். மூச்சு முட்டி, பரிதி பயந்துட்டான்.

— அந்த வாரமும் வெள்ளிக்கிழமை வந்தீங்க. ஜெயிச்சீங்க.

— ஆமா. ஜெயிச்சேன்.

— எப்படிங்க முடியுது?

— அது ஒண்ணுதான் முடியுது. அந்தக் காருக்குள்ள உக்காந்துட்டா எனக்குக் காலு வீங்கலை. எவனும் என்னப் பாத்து ஐயோ பாவம்னு வழி விடறதில்ல. கொழும்புக்காரன் பின்னாடியே மோந்துக்கிட்டு வர்றான், நீ விடாமத் துரத்துறே. நான் சரியாப் போட்டா முன்னாடி போறேன், தப்பாப் போட்டா பின்னாடி போறேன். ஆஸ்பத்திரியில அப்படி இல்ல. அங்க நான் ஒண்ணும் செய்யலை, எனக்கு எல்லாம் நடக்குது. உனக்குத் தெரிஞ்சா, அதுக்கப்புறம் நீ என்னோட ஓட்டவே மாட்டே. காலைத் தூக்கிருவே. வளைவுல ஒதுங்கிருவே. அதுக்கும்தான் சொல்லலை. இருந்ததே அது ஒண்ணுதான்.

— ஒதுங்கியிருக்க மாட்டேன்.

— இப்ப சொல்லுவே.

— நிச்சயமாச் சொல்றேன். ஒரு நாளும் ஒதுங்கியிருக்க மாட்டேன்.

— சரி, அது போவட்டும். இனிமே இந்தக் கைய வெச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது. இன்னைக்கு உன்ன இடிச்சேன். நாளைக்கு யாரையோ இடிப்பேன். நல்லா ஓட்டறவன்னு நம்பித்தானே பக்கத்துல வர்றாங்க. ரிப்போர்ட்டப் போட்டுரு. என் பேர லீக்லேருந்து எடுக்கச் சொல்லி நானும் எழுதிடறேன்.

— அத அப்புறம் பாக்கலாம். வீட்டுக்கு வாங்க.

— வர்றேன். இனிமே எதுக்கு ஒளியறது? ஷெரினப் பாக்கணும். மிஷின்ல படுக்கற நாள்ல மட்டும் தஞ்சாவூர் போயிட்டு வர்றேன், இல்ல பக்கத்துல எங்கயாவது மாத்திக்கறேன். எல்லாத்துக்கும் சரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் செய்யணும் நீ.

— என்ன?

— சத்தியம் பண்ணு. ஷெரின் மேல பண்ணு. நான் குடுக்கறேன்னு எந்த டாக்டர் முன்னாடியும் போயி நிக்க மாட்டேன்னு சொல்லு. அப்பதான் வருவேன்.

— அந்தச் சத்தியம் பண்ண முடியாதுங்க.

— அப்ப நான் வரலை. எங்கயாவது போயிருவேன். இந்தத் தடவை ஜாபிருக்குக்கூடத் தெரியாது.

— அதுக்கில்லைங்க. நான் நின்னுட்டேன்.

— எங்க நின்னே?

— டாக்டர் முன்னாடி.

— என்ன சொல்றே நீ? இப்பதானே உனக்கே...

— இல்லைங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே அஃப்ரீன் அண்ணி நாகூர்லேருந்து வீடு தேடி வந்துட்டாங்க. ஜாபிர் அண்ணன் அவங்ககிட்ட போன்ல சொல்லி அழுதிருக்காங்க. மனசுல வெச்சுக்க முடியலை லின்சின்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஜாபிர் அண்ணனுக்குக்கூட இது தெரியாது, திட்டாதீங்க.

— அப்ப... இவ்வளவு நாளும்?

— தெரிஞ்சேதான் ஓட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமையும் உங்களுக்கு ஒதுங்கலை.

— தெரிஞ்சும் ஏன் லின்சி ஒரு வார்த்தை பேசலை? ஏன் வந்து என் சட்டையப் பிடிக்கலை?

— வெறுங்கையோட வந்தா விரட்டிருவீங்கன்னு தெரியும். எல்லாம் சரியாயிருக்கு, குடுக்கலாம்னு எழுதி வாங்கிக்கிட்டு வந்து நின்னா, உங்களால மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு நினைச்சேன். எல்சி அக்கா புதுச்சேரியில நர்ஸா இருக்காங்கல்ல, அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. ரத்த குரூப் சேருது. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. ஒவ்வொண்ணும் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு அவங்க சொல்லச் சொல்ல, எனக்குப் பஸ்ஸுல வர்றப்ப பாட்டே வரும். நடுவுல அறுப்பு வந்துட்டுது. அது முடியட்டும்னு இருந்தேன். மிச்சம் ஸ்கேன் ஒண்ணுதான்.

— நான் வாங்கிக்க மாட்டேன். கேட்டுக்க. நீ எழுதி வாங்கிட்டு வா, பிஷப்பக் கூட்டிட்டு வா, நான் மேசையில ஏறிப் படுக்க மாட்டேன். உன்ன அறுத்து எனக்கு வைக்கறதுக்கு நான் மிஷின்லயே கெடந்து செத்துப் போறேன். இதுக்காகத்தானே இத்தனை நாளு பொண்டாட்டி புள்ளை மொகம் பாக்காம...

— சண்டை வேணாங்க.

— சண்டைதான். இதுல மட்டும் உனக்கு நான் வழி விட மாட்டேன்.

— விட வேண்டியதே இல்லைங்க. நேத்துதான் ஸ்கேன் பாத்தாங்க. எனக்குப் பொறந்ததுலேருந்தே கிட்னி ஒண்ணுதான் இருக்காம்.